வீட்டில் கட்டிய டிராக் கார்: கராஜிலிருந்து ஸ்ட்ரிப் வரை ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வருடம் ஸ்டாண்டு மேல் நின்ற கார் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உறுமிவிடும். அந்த நிமிடமே ஸ்ட்ரிப்புக்கு, அதாவது இரண்டிரண்டு கார்களாக நேர்கோட்டில் கால் மைல் ஓடிப் பார்க்கும் டிராக் பந்தயத் தடத்துக்கு, கொண்டுபோய் ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துப் பார்க்கக் கால் பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஷோரூமில் வாங்கிய காரில் ஏதாவது கழன்றால் திட்ட ஒரு கம்பெனி இருக்கிறது. நாமே கட்டிய காரில் எந்த நட்டு கழன்றாலும் முறுக்கிய கை நம்முடையது.

அதனால் முதல் நாளுக்கு நான் வைக்கும் இலக்கு ரொம்பச் சின்னது. காலையில் டிரெய்லரிலிருந்து இறங்கிய கார் மாலையில் தன் எஞ்சினிலேயே மறுபடி டிரெய்லர் ஏற வேண்டும். எத்தனை வினாடியில் ஓடியது என்பதெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க ஸ்ட்ரிப்புகளில் நடக்கும் ‘டெஸ்ட் அண்ட் டியூன்’ நாளுக்கானது. போட்டி கிடையாது. வாசலில் பணம் கட்டி, காரைச் சோதனைக்குக் காட்டி, வரிசையில் நின்று எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை ஓட்டலாம். பென்சில்வேனியாவின் மேப்பிள் குரோவ், நியூஜெர்சியின் ஐலண்ட் டிராக்வே மாதிரி 1960-களில் தொடங்கிய ஸ்ட்ரிப்புகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. அதே நியூஜெர்சியில் எடிசன் பக்கம் குடியிருக்கும் நம்மூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த இங்கிலிஷ்டவுன் ஸ்ட்ரிப் 2018-இல் மூடப்பட்டது, ஆட்கோ 2023-இல். ஆகவே பக்கத்தில் ஒன்று இருந்தால் இந்த வருடமே போய்விடுங்கள்.

உதாரணத்துக்கு என் காரையே எடுத்துக்கொள்கிறேன். 1989 மஸ்டாங், ‘ஃபாக்ஸ் பாடி’ என்று சொல்வார்களே, அந்த வகை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது 225 குதிரைத்திறன். ஃபெண்டரில் 5.0 என்று எழுதியிருக்கும். உண்மையில் எஞ்சின் 4.9 லிட்டர்தான், ஆனால் இதைச் சொன்னால் மஸ்டாங்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். என்னுடையதில் சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட், கார்புரேட்டர் மாற்றி, சி4 என்ற பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைப் பொருத்தியிருக்கிறேன்.

முதலில் காகிதத்தில் ஓட்டுங்கள்

கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று தோராயமாகவாவது தெரியாமல் ஸ்ட்ரிப்புக்குப் போகக்கூடாது. காரணம், பாதுகாப்பு விதிகள் எல்லாமே அந்த வினாடியை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடையைப் பவுண்டில் எடுத்து, குதிரைத்திறனால் வகுத்து, வரும் எண்ணின் கனமூலத்தை 5.825-ஆல் பெருக்கினால் கால் மைல் ஓடும் நேரம் கிடைக்கும். என் கார் என்னோடு சேர்த்து 3200 பவுண்ட். எஞ்சின் 350 குதிரைத்திறன் தரும் என்பது என் நம்பிக்கை. 3200-ஐ 350-ஆல் வகுத்தால் 9.14. அதன் கனமூலம் 2.09. பெருக்கினால் 12.18 வினாடி. வேகத்துக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும்: குதிரைத்திறனை எடையால் வகுத்து, கனமூலம் எடுத்து, 234-ஆல் பெருக்கினால் மணிக்கு 112 மைல் வருகிறது.

இந்தக் கணக்கு டயர் நன்றாகப் பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறது. முதல் நாள் அவ்வளவு வராது. ஆனாலும் விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது: 12 வினாடிக் கார்.

விதிப்புத்தகம் என்ன கேட்கிறது

கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளிலும் சாலைகளிலும் பையன்கள் இஷ்டத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1951-இல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற டிராக் பந்தயச் சங்கத்தைத் தொடங்கினார். சாலைப் பந்தயத்தை ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். நம் ஈ.சி.ஆரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த அவசரம் புரியும். இன்று பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் பின்பற்றுவது அவர்களுடைய விதிகளையோ அதை ஒட்டியவற்றையோதான். புத்தகம் வருடாவருடம் திருத்தப்படும். நடப்பு வருடப் பிரதியைப் பாருங்கள், ஸ்ட்ரிப்புக்கும் ஒரு போன் போடுங்கள்.

கால் மைல் கணக்கில், என்னுடையது மாதிரிப் பழைய கார்களுக்கு முக்கியமான படிகள் இவை. 13.99 வினாடி அல்லது அதற்கும் வேகமென்றால் ஹெல்மெட் கட்டாயம். 11.49 வந்தால் ரோல் பாரும் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு) அதற்கேற்ற பந்தய பெல்ட்டும் வேண்டும். 9.99-ஐத் தொட்டால் முழு ரோல் கேஜ், சேசிஸ் சான்றிதழ், ஓட்டுநர் லைசென்ஸ் என்று அது வேறு உலகம். மணிக்கு 150 மைலைத் தாண்டினால் பாராசூட்.

இதில் பலர் மாட்டிக்கொள்வது டிரைவ்ஷாஃப்ட் லூப்பில். பின் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்ட்டின் முன்பக்க யுனிவர்சல் ஜாயின்ட் முறிந்தால் ஷாஃப்ட்டின் நுனி கீழே விழுந்து தரையில் குத்தும். அந்த வேகத்தில் காரையே தூக்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஒரு இரும்பு வளையம் போட வேண்டும். ஸ்லிக் டயர் (பள்ளமே இல்லாத பந்தய டயர்) போட்டால் 13.99-லிருந்தே இது கட்டாயம். தெரு டயரென்றால் 11.49 வரை கேட்கமாட்டார்கள். கேட்காவிட்டாலும் போடுங்கள். நாலு போல்ட்டு வேலை.

ஹெல்மெட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பைக் ஹெல்மெட்டில் ஸ்னெல் என்ற சோதனை அமைப்பின் ‘எம்’ முத்திரை இருக்கும், கார் பந்தய ஹெல்மெட்டில் ‘எஸ்.ஏ.’ என்று இருக்கும். எஸ்.ஏ. ஹெல்மெட்டின் உட்புறம் தீ பிடிக்காத துணி. ரோல் பாரில் தலை மோதுவதற்கும் தனிச் சோதனை உண்டு. மெதுவான கார்களுக்குச் சில இடங்களில் எம் ஹெல்மெட்டை விட்டுவிடுவார்கள் என்றாலும், வாங்குவதே வாங்குகிறீர்கள், எஸ்.ஏ.-வாக வாங்குங்கள். உடை பற்றி ஒரு வரி போதும்: முழுக்கால் பேன்ட், சட்டை, மூடிய ஷூ. ஆகஸ்ட் வெயிலில் அரை டிராயரும் செருப்புமாகப் போனால் வரிசையிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள்.

கராஜில் கடைசி வாரம்

ஸ்ட்ரிப்பில் நடப்பதில் முக்கால்வாசி இந்த வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் அனுபவம்.

புதிதாகக் கட்டிய எஞ்சினை நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஹெடர் (எஞ்சின் புகை வெளியேறும் குழாய்) போல்ட்டுகள் நிச்சயம் தளர்ந்திருக்கும். இப்படி இரண்டு மூன்று சுற்று. ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் நட்டின் மேலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். பின்னால் எப்போது குனிந்து பார்த்தாலும் கோடு நேராக இருந்தால் நட்டு நகரவில்லை. கோடு உடைந்திருந்தால் நகர்ந்திருக்கிறது. வெயிலில், பசியில், வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது நாற்பது நட்டுகளைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சஸ்பென்ஷன், டிரைவ்ஷாஃப்ட், ஸ்டியரிங், பிரேக் காலிபர் எல்லாவற்றிலும் கோடு போடுங்கள்.

சக்கர நட்டு தனி விஷயம். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது நட்டின் புரி அதில் ஏறியிருக்க வேண்டும். அரை அங்குல ஸ்டட் என்றால் அரை அங்குலம். தடிமனான அலாய் வீலைப் பழைய குட்டை ஸ்டட்டில் மாட்டுகிறவர்கள் இங்கேதான் தோற்பார்கள்.

பானெட்டுக்குள் பார்க்க வேண்டியவை: கார்புரேட்டரில் திராட்டிலை மூடும் ஸ்பிரிங் இரண்டு இருக்க வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது இழுக்க. வேறொருவரை உள்ளே உட்காரவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். முழுக்கத் திறக்கிறதா, கால் எடுத்ததும் டக்கென்று மூடுகிறதா, தரை விரிப்பு எதிலும் சிக்குகிறதா? ரேடியேட்டர் வழிந்தால் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டும், குறைந்தது 1 பைன்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் வேண்டாம், வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கூலன்ட் சிந்தினால் ஸ்ட்ரிப் வழுவழுவென்று ஆகிவிடும், துடைத்தாலும் எளிதில் போகாது. பல ஸ்ட்ரிப்புகள் அதை அனுமதிப்பதே இல்லை.

எஞ்சினுக்கும் உங்களுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரான ஃபயர்வாலையும் பாருங்கள். ஏ.சி.யையும் ஹீட்டரையும் கழற்றியெறிந்த இடத்தில் ஓட்டைகள் இருக்கும். எஞ்சினில் தீப்பிடித்தால் அந்த ஓட்டை வழியாகத்தான் உங்கள் மடிக்கு வரும். தகடு வெட்டி ரிவெட் அடித்து மூடுங்கள். டேப் ஒட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் சேஃப்டி ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும். கியரில் போட்டபடி சாவியைத் திருப்பிப் பாருங்கள், ஸ்டார்ட் ஆகக்கூடாது. பிரேக் மிதி கல் மாதிரி நிற்கிறதா, பஞ்சு மாதிரி இருக்கிறதா? பஞ்சென்றால் இன்னும் காற்று இருக்கிறது, மறுபடி பிளீட் செய்யுங்கள். முழு வேகத்துக்கு ஓட்டிப் பார்க்க இடமில்லாவிட்டாலும், காலிப் பார்க்கிங்கில் 30 மைல் வேகத்தில் நேராகப் போய், நேராக நிற்கிறதா என்றாவது பாருங்கள்.

பாட்டரிக் கதை

எடையைப் பின் சக்கரத்துக்கு மாற்ற பாட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோவது இந்தக் கார்களில் வழக்கம். நானும் மாற்றினேன். பிளாஸ்டிக் பெட்டி, அதன்மேல் கொக்கி வைத்த ரப்பர் கயிறு. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை, சரி என்று விட்டுவிட்டேன்.

சோதனை வரிசையில் என் முறை வந்தது. சோதகர் அறுபது வயது மனிதர், முழங்காலில் கரி. முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்கினார், திராட்டில் ஸ்பிரிங்கை விரலால் சுண்டினார், ஹெல்மெட்டின் உள்ளே முத்திரையைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். அப்புறம் டிக்கியைத் திறக்கச் சொன்னார். ரப்பர் கயிற்றின் அடியில் ஒரே ஒரு விரலை விட்டு மேலே தூக்கினார். பெட்டி எழுந்து வந்தது. ஒன்றும் சொல்லாமல் சோதனைச் சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

விதி என்னவென்றால் பாட்டரியை 3/8 அங்குல போல்ட்டுகளால் காரின் சட்டத்தோடு சேர்த்து இறுக்க வேண்டும். இடம் மாற்றிய பாட்டரி என்றால் காரின் பின்பக்கம் வெளியே ஒரு மாஸ்டர் ஸ்விட்சும் வேண்டும். அதைத் தட்டினால் ஓடுகிற எஞ்சின் நிற்க வேண்டும், வெறும் விளக்கு அணைந்தால் போதாது. ஸ்விட்சை வாங்கிப் பொருத்தியவர்களில் பலர் இந்தக் கடைசி விஷயத்தில் தவறுகிறார்கள். ஆல்டர்னேட்டர் கம்பியைச் சேர்க்காமல் விட்டால், பாட்டரி துண்டான பிறகும் ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட்டிலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே எஞ்சினை ஓடவிட்டு ஸ்விட்சைத் தட்டிப் பாருங்கள்.

அன்று என்னைக் காப்பாற்றியது பக்கத்து பிட்டில் (கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) இருந்தவர். பெயர்கூடக் கேட்கவில்லை. தன் டிரெய்லரிலிருந்து புரி போட்ட கம்பி இரண்டும் ஒரு துண்டு இரும்பு ஆங்கிளும் எடுத்து வந்து, டிரில் மெஷினையும் கொடுத்தார். ஒரு மணி நேரம் போயிற்று. நூறு கார்கள் வந்த இடத்தில் உதவாதவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை, தயங்காமல் கேளுங்கள்.

டிரெய்லரில் ஏற்றுவது

காரின் மூக்கு முன்பக்கம் பார்க்க ஏற்றுங்கள். எஞ்சின் கனம் அங்கேதான் இருக்கிறது, கொக்கியின் மேல் கொஞ்சம் பாரம் விழ வேண்டும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் இருந்தால் டிரெய்லர் வாலாட்டாமல் வரும். பாரம் பின்னால் போய்விட்டால் நெடுஞ்சாலையில் இழுக்கிற வண்டியையே ஆட்டிப் பார்த்துவிடும். நாலு மூலையிலும் பட்டை, பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கொக்கிக்குக் கீழே குறுக்காக. கிளம்பிப் பத்துப் பதினைந்து மைலில் ஒருமுறை நிறுத்திப் பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். சஸ்பென்ஷன் அமர்ந்து பட்டை தளர்ந்திருக்கும்.

எடுத்துப் போக வேண்டியதில் எல்லோரும் மறப்பவற்றை மட்டும் சொல்கிறேன். குறைந்த அழுத்தம் காட்டும் நல்ல டயர் காற்று மீட்டர், டார்க் ரெஞ்ச், ஜாக்கோடு ஸ்டாண்டும், தீயணைப்பான், எண்ணெய் சிந்தினால் கொட்ட ஒரு பை பூனை மணல், குடிதண்ணீர், நிழலுக்கு ஏதாவது. கண்ணாடியில் எண் எழுத வெள்ளை ஷூ பாலிஷ். இந்தக் காலத்திலும் அதுதான் வழக்கம், பிறகு தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும்.

வரிசையும் தண்ணீரும்

சோதனை முடிந்து சீட்டு கிடைத்ததும் நேராக வரிசைக்குப் போகாதீர்கள். முதலில் கால்நடையாகப் போய் ஸ்டார்ட்டிங் லைன் அருகே பார்வையாளர் பக்கம் நின்று பத்து ஜோடி கார்கள் ஓடுவதைப் பாருங்கள். எந்தக் கார் எங்கே நிற்கிறது, சைகை காட்டுபவர் கையை எப்படி அசைக்கிறார், வெளியேறும் பாதை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அரைமணியில் பிடிபட்டுவிடும்.

உங்கள் முறை வரும்போது கண்ணாடிகளை ஏற்றி, பெல்ட், ஹெல்மெட் மாட்டிவிட்டு இருங்கள். முன்னால் தண்ணீர் தெளித்த ஓரிடம் இருக்கும், பர்னவுட் செய்ய, அதாவது பின் டயரை நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடாக்க. தெரு டயர் போட்டிருந்தால் அந்தத் தண்ணீருக்குள் போகவே போகாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். தெரு டயரின் பள்ளங்கள் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட்டிங் லைனில் கொட்டும். உங்கள் டயரும் தரையைப் பிடிக்காது, பின்னால் வருகிறவரும் திட்டுவார்.

டிராக் ரேடியலோ (பிடிப்பு அதிகமுள்ள பந்தய ரேடியல் டயர்) ஸ்லிக்கோ இருந்தால், தண்ணீரைத் தாண்டி அதன் ஓரத்தில் நின்று, முன் பிரேக்கை லைன் லாக்கால் பிடித்து, இரண்டாவது கியரில் டயரைச் சுழற்றுங்கள். ரேடியலுக்கு லேசாகப் புகை கிளம்பினால் போதும். படத்தில் வருவது மாதிரி மேகம் கிளப்பினால் டயர் வழுக்குமே தவிரப் பிடிக்காது. பின் டயர் காற்றைப் பொறுத்தவரை, இந்த எடைக் காருக்கு ரேடியலில் 18 பி.எஸ்.ஐ. பக்கம் தொடங்குவேன், ஸ்லிக்கில் 14. முன் டயரில் நிறையவே வையுங்கள். முதல் கார், முதல் நாள் என்றால் என் யோசனை ரேடியல்தான். ஓட்டத்தின் கடைசிப் பகுதியில், முழு வேகத்தில் கார் ஆடாது.

மரம்

லைட்டுக் கம்பத்தை ‘கிறிஸ்துமஸ் மரம்’ என்பார்கள், 1963-இலிருந்து இருக்கிறது. அதற்குமுன் ஒருவர் நடுவில் நின்று கொடி அசைத்துக்கொண்டிருந்தார்.

ரோட்டின் குறுக்கே இரண்டு ஒளிக்கதிர்கள் 7 அங்குல இடைவெளியில் ஓடுகின்றன. முன் டயர் முதலாவதை மறைத்தால் மேலே ‘ப்ரீ-ஸ்டேஜ்’ விளக்கு எரியும். இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் ‘ஸ்டேஜ்’ எரியும். அங்கே நிறுத்துங்கள். ப்ரீ-ஸ்டேஜ் எரிந்ததும் அங்கேயே இருந்து பக்கத்துக் காரும் ப்ரீ-ஸ்டேஜுக்கு வரும்வரை காத்திருப்பது மரியாதை. வேகமாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அவரை அவசரப்படுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு கார்களும் தயாரானதும் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், அப்புறம் பச்சை. பழகியவர்கள் மூன்றாவது மஞ்சளிலேயே கிளம்பிவிடுவார்கள். கண் பார்த்து, கால் அசைந்து, கார் நகர்ந்து, டயர் கதிரை விட்டு வெளியேற எடுக்கும் நேரத்துக்குள் பச்சை வந்துவிடும். முந்தினால் சிவப்பு.

ஆனால் முதல் நாளில் இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. ஓட்ட நேரத்தை அளக்கும் கடிகாரம் பச்சை எரியும்போது தொடங்குவதில்லை. உங்கள் டயர் ஸ்டேஜ் கதிரை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. பச்சை எரிந்து ஐந்து வினாடி கழித்துக் கிளம்பினாலும் உங்கள் ஈ.டி., அதாவது ஓட்ட நேரம், மாறாது. பக்கத்துக் கார் பறந்தால் பறக்கட்டும். மூச்சு விட்டுவிட்டு, பச்சையைப் பார்த்து நிதானமாகக் கிளம்புங்கள்.

முழு ஓட்டத்தைத் துண்டு போடுங்கள்

முதல் ஓட்டத்தில் பாதி ஆக்சிலரேட்டரில் கிளம்பி, இரண்டாவது கியர் விழுந்ததும் காலை எடுத்துவிடுங்கள். 330 அடியைக்கூடத் தாண்ட வேண்டாம். மிச்ச தூரம் உருண்டு போய் வெளியேறுங்கள். பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். புதுக் கார் என்று எல்லோருக்கும் தெரியும். இந்த ஒரு ஓட்டத்தில் கார் நேராகப் போகிறதா, எண்ணெய் அழுத்தம் நிற்கிறதா, கியர் சரியாக மாறுகிறதா என்று தெரிந்துவிடும். பிட்டுக்கு வந்து காருக்கு அடியில் அட்டையை விரித்து, டார்ச்சோடு படுத்துப் பாருங்கள். மஞ்சள் கோடுகள் நேராக இருக்கின்றனவா?

இரண்டாவதில் முழு ஆக்சிலரேட்டர், ஆனால் எட்டில் ஒரு மைல், 660 அடி வரைதான். மூன்றாவதில் எல்லாம் சுகம் என்றால் முழுக் கால் மைல், 1320 அடி.

உங்கள் தடத்துக்குள்ளேயே இருங்கள். கார் பக்கவாட்டில் நழுவினால் காலை எடுங்கள். நடுக்கோட்டைத் தாண்டியாவது ஓட்டத்தை முடித்துவிடலாம் என்ற நினைப்பு வேண்டாம். அடுத்த தடத்தில் இன்னொருவர் 110 மைலில் வருகிறார்.

முடிவுக் கோட்டுக்குப் பிறகு காலை எடுத்து, பிரேக்கை மெல்ல அழுத்துங்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக்கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். யார் முதலில் திரும்புவது என்பது ஸ்ட்ரிப்புக்கு ஸ்ட்ரிப் மாறும். காலையிலேயே கேட்டு வைத்திருங்கள். எண்ணெய் வாசனையோ புகையோ வந்தால், ஏதாவது உடைந்த சத்தம் கேட்டால், வெளியேறும் பாதைவரை ஓட்டிப்போகப் பார்க்காதீர்கள். உங்கள் பக்கச் சுவரை ஒட்டி உடனே நிறுத்துங்கள். ஓட்டிப்போனால் எண்ணெயைக் கால் மைலுக்கும் பூசிவிட்டு வருவீர்கள்; அதைக் கழுவி முடிக்கும்வரை எல்லாக் கார்களும் வரிசையில் வெயிலில் நிற்கும்.

டைம்ஸ்லிப்பைப் படிப்பது

திரும்பும் பாதையில் ஒரு சின்னக் கூண்டில் காகிதம் கொடுப்பார்கள். என் மூன்றாவது ஓட்டம் இது: 60 அடி 1.92, 330 அடி 5.31, எட்டில் ஒரு மைல் 8.16, 1000 அடி 10.63, கால் மைல் 12.74, வேகம் மணிக்கு 107.6 மைல்.

எல்லோரும் முதலில் பார்ப்பது கடைசி நேரத்தை. நான் முதலில் பார்ப்பது வேகத்தை. கிளம்பும்போது டயர் கொஞ்சம் சுழன்றாலும் கடைசி வேகம் அவ்வளவாக மாறாது, அதனால் அது எஞ்சினைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும். 107.6-ஐ 234-ஆல் வகுத்து, கனம் எடுத்து, 3200-ஆல் பெருக்கினால் 311. 350 என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த எஞ்சின் அன்று 311 குதிரைத்திறன்தான் தந்தது! அந்த 311-ஐ வைத்து நேரத்தைக் கணக்கிட்டால் 12.67 வருகிறது. நான் ஓடியது 12.74. ஆகவே கிளம்பியதில் பெரிய குறை இல்லை, கார்புரேட்டரிலும் இக்னிஷன் டைமிங்கிலும்தான் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வேகம் 112 இருந்து நேரம் 13-ஐ ஒட்டி வந்திருந்தால் எஞ்சினைத் தொட வேண்டாம். பிரச்சினை முதல் 60 அடியில். டயர் காற்றைக் குறைத்து, கிளம்பும் ஆர்.பி.எம்.-ஐ மாற்றிப் பாருங்கள். 60 அடியில் வினாடியில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், முடிவில் அதைப்போல ஒன்றரை மடங்காவது குறையும்.

ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். காற்றையும் குறைத்து, டைமிங்கையும் கூட்டி, ஜெட்டையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் நேரம், வெப்பம், டயர் காற்று, என்ன மாற்றினேன் என்று எழுதி வையுங்கள். மதிய வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் அதே கார் காலையைவிட மெதுவாகத்தான் ஓடும். உயரமான ஊர்களிலும் அப்படித்தான், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி போய்விடும்.

ஓட்டங்களுக்கு நடுவே பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிடுங்கள். டிரான்ஸ்மிஷன் எண்ணெய் அளவு, சக்கர நட்டு, டயர் காற்று (சூட்டில் ஏறியிருக்கும்), மஞ்சள் கோடுகள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் ஐந்தாவது ஓட்டத்தில்தான் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

நாலைந்து சீட்டுகள் ஒன்றோடொன்று வினாடியில் நூறில் சில பங்குக்குள் ஒத்துவந்தால், அடுத்த முறை பிராக்கெட் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கலாம். அதில் உங்கள் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நீங்களே கண்ணாடியில் எழுத வேண்டும். மெதுவான கார் அந்த வித்தியாச அளவுக்கு முன்னால் கிளம்பும். எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்விதான். 17 வினாடி வேனும் 10 வினாடி காரும் சமமாக மோதும் ஒரே பந்தயம் இதுவாகத்தான் இருக்கும்.

வீடு திரும்பியபின்

அன்று ராத்திரி ஒன்றும் செய்யாதீர்கள், தூங்குங்கள். மறுநாள் எஞ்சின் ஆயிலை வடித்து, ஃபில்டரை வெட்டித் திறந்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். புது எஞ்சினில் மாவு மாதிரி லேசான மினுமினுப்பு இருக்கும், அது சகஜம். சிட்டிகையில் எடுக்கும் அளவுக்குத் துகள் இருந்தாலோ, செம்பு நிறத்தில் ஏதாவது தெரிந்தாலோ பேரிங்கைப் பார்க்காமல் மறுபடி ஓட்டக்கூடாது. ஆக்ஸில் ஆயிலையும் அப்படியே பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டருடையது என்று எழுதி வரிசையாக வையுங்கள்.

என்னுடையதில் ஆறாவது பிளக் மட்டும் கறுப்பாக இருந்தது. பிளக் ஒயர் ஹெடரில் பட்டு உருகி, எஞ்சின் ஏழு சிலிண்டரில் முக்கி முனகி ஓடியிருக்கிறது. காணாமல்போன 39 குதிரைகளில் பாதிக்காவது விலாசம் கிடைத்துவிட்டது.